பழைய பிக்கப், நம்பகமான பிரேக்: வாசகர் கேள்வி – பதில்

பழைய பிக்கப் வண்டிகளின் பிரேக்கைப் பற்றிய கேள்விகள் இந்த முறை நிறைய வந்திருக்கின்றன. பெரும்பாலானவர்கள் “எந்தப் பாகத்தைப் பெரிதாக மாற்றினால் நன்றாகப் பிடிக்கும்?” என்று கேட்கிறார்கள். எங்கள் கருத்து இதுதான்: வண்டியோடு வந்த பிரேக்கை முழுத் திறனுக்குக் கொண்டுவந்து பார்க்காமல் எதையும் பெரிதாக்காதீர்கள். அதனால் பழுது பார்ப்பதை முதலிலும் மாற்றங்களைப் பின்னாலும் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: என் பிக்கப்புக்கு வயது இருபதுக்கு மேல். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பெடல் பாதிக்கு மேல் இறங்கிய பிறகுதான் பிரேக் பிடிக்கிறது. உடனே இன்னொரு முறை மிதித்தால் மேலேயே நிற்கிறது. மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

அவசரப்பட வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர் என்பது பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம். இரண்டாவது மிதியில் பெடல் மேலே வந்து கல் மாதிரி நின்றால், பின் டிரம்மில் ஷூவுக்கும் (உராயும் லைனிங் பதித்த, உள்ளிருந்து டிரம்மை அழுத்தும் வளைந்த பாகம்) டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டது என்று பொருள். முதல் மிதியில் போகும் ஆயில் அந்த இடைவெளியை நிரப்பவே சரியாகப் போய்விடுகிறது. மேலே வந்தும் பஞ்சு போல அமுங்கினால் லைனில் காற்று இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டர் போனதற்கு அடையாளம் வேறு: காலை ஒரே அழுத்தத்தில் வைத்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கும், வெளியே எங்கும் கசிவு இருக்காது. உள்ளே இருக்கும் ரப்பர் கப் ஆயிலைத் தாண்டவிடுகிறது என்பதே காரணம். இந்த மூன்றில் உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் பின் டிரம்தான்.

வேலையை இப்படிச் செய்யுங்கள். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. ஹேண்ட் பிரேக்கை விடுவித்து அதன் கேபிளையும் தளர்த்துங்கள். டிரம் வர மறுத்தால் சுத்தியலால் விளிம்பை அடிக்காதீர்கள், வார்ப்பிரும்பு தெறித்துவிடும். பல டிரம்களில் முகத்திலேயே மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் பொருந்தும் போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளும். உள் விளிம்பில் தேய்மானப் படி உருவாகி ஷூ அதில் மாட்டிக்கொண்டிருந்தால், ஷூக்கள் மாட்டியிருக்கும் பின் தட்டில் உள்ள துளை வழியாக, ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரின் நெம்பை விலக்கிப் பிடித்து, நட்சத்திரச் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றி ஷூவை உள்ளே வாங்க வேண்டும்.

உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. பிரேக் கிளீனர் தெளித்து நனைத்துத் துடைத்து எடுங்கள்.

இனி அளவெடுப்பு. டிரம்மின் அதிகபட்ச விட்டம் அதன் மேலேயே வார்த்திருக்கும். புது அளவைவிடச் சுமார் 1.5 முதல் 2 மி.மீ. கூடுதல்தான் பொதுவாக எல்லை. அதைத் தாண்டிய டிரம்மை லேத்தில் கடைந்து பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். கடைந்தாலும் இடது, வலது இரண்டையும் ஒரே விட்டத்துக்குக் கடைய வேண்டும். ஒட்டுலைனிங் என்றால் 1.5 மி.மீ. கனத்துக்குக் கீழே போனதும் ஷூவை மாற்றுங்கள். ரிவெட் லைனிங் என்றால் ரிவெட் தலைக்கு மேல் 1 மி.மீ.கூட இல்லாவிட்டால் மாற்றுங்கள். ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கிப் பாருங்கள். உள்ளே லேசான ஈரம் பரவாயில்லை. துளி வழிந்தால் சிலிண்டர் மாற்ற வேண்டியதுதான்.

பெடல் இறங்குவதன் மூலகாரணம் பெரும்பாலும் நட்சத்திரச் சக்கர அட்ஜஸ்டர்தான். அது துருப்பிடித்து இறுகியிருக்கும். கழற்றி, மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அதிக வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸ் மெலிதாகப் பூசுங்கள். கையால் கடைசி வரை சுழல வேண்டும். இடது அட்ஜஸ்டருக்கும் வலதுக்கும் மரை எதிரெதிர்த் திசை. மாற்றிப் போட்டால் பிரேக் பிடிக்கப் பிடிக்க ஷூ நெருங்குவதற்குப் பதில் விலகிக்கொண்டே போகும். புது ஷூ போட்ட சில நூறு கிலோமீட்டரில் பெடல் மறுபடி இறங்குகிறது என்று புகார் வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். இரண்டு ஷூக்களும் கீழே அட்ஜஸ்டரால் மட்டும் இணைந்த அமைப்பில் குட்டை லைனிங் ஷூ வண்டியின் முன்பக்கம் நோக்கியும், நீள லைனிங் ஷூ பின்பக்கம் நோக்கியும் இருக்க வேண்டும். ஒரு சக்கரத்துக்கு இரண்டு குட்டை, இன்னொன்றுக்கு இரண்டு நீளம் என்று போட்டுவிடும் தவறு அடிக்கடி நடக்கிறது.

பின் தட்டில் ஷூ உரசும் மேடைகளில் பள்ளம் விழுந்திருந்தால் ராவிச் சமமாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு கிரீஸ் வையுங்கள். லைனிங்கில் படக் கூடாது. டிரம்மை மாட்டியபின் லேசாக உரசும் ஓசை கேட்கும் வரை அட்ஜஸ்டரைத் திருப்பி, பெடலை நாலைந்து முறை மிதித்து ஷூவை நடுவில் உட்காரவைத்து, மறுபடி திருப்புங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளைச் சரிசெய்வது இதற்குப் பிறகுதான். கேபிளை முதலில் இழுத்து இறுக்கினால் ஷூ மேலே தன் இடத்தில் உட்காராது, பிறகு எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் சரிவராது.

கேள்வி: அதிக லோடு தாங்கப் பின்னால் ஸ்பிரிங் பட்டை கூடுதலாகச் சேர்த்தேன். அதிலிருந்து லோடு ஏற்றினால் வண்டி நிற்க நீண்ட தூரம் எடுக்கிறது. முன் டிஸ்க் மட்டும் கொதிக்கிறது. பின் டிரம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. ஷூ, டிரம் எல்லாம் புதிது.

பின் ஆக்ஸிலுக்கு மேலே சேஸியில் ஒரு சின்ன வால்வு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அதிலிருந்து ஒரு கம்பியோ நீள ஸ்பிரிங்கோ ஆக்ஸிலுக்கு வரும். அதுதான் லோடு சென்சிங் வால்வு.

காலி பிக்கப்பில் பின்பக்கம் மிக லேசு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால் இன்னும் லேசாகிறது. பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் போனால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். அதைத் தடுக்க, பின்னால் போகும் ஆயில் அழுத்தத்தை இந்த வால்வு குறைக்கிறது. லோடு ஏறி ஸ்பிரிங் அமுங்கும்போது சேஸிக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே தூரம் குறையும். வால்வு அந்தத் தூரத்தை வைத்தே “லோடு இருக்கிறது” என்று கண்டுகொண்டு பின்னால் அதிக அழுத்தம் விடும். எடையை நேரடியாக அளக்க அதற்கு வழியில்லை.

நீங்கள் பட்டை சேர்த்ததால் அதே லோடுக்கு வண்டி முன்பு போல அமுங்குவதில்லை. வால்வு வண்டி காலி என்றே நினைத்துப் பின் பிரேக்கை அடக்கிவைக்கிறது. வண்டியை உயரமாக்குபவர்களுக்கும் இதே சிக்கல் வரும்.

முதலில் கம்பியைக் கழற்றி, வால்வின் நெம்பு கையால் அசைகிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் அது துருவில் உறைந்து கிடப்பது சகஜம். அசையவே இல்லை என்றால் வால்வை மாற்றுங்கள். அசைந்தால், ஆக்ஸில் பக்கத்து மாட்டும் இடத்தை, வண்டி எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு உயர்த்தும் துணைத் தகடு போட வேண்டும். பட்டை சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் காலி வண்டியில் சேஸிக்கும் ஆக்ஸிலுக்கும் இருக்கும் தூரத்தின் வித்தியாசமே அந்த உயரம். ஆனால் கெட்டியான ஸ்பிரிங் லோடிலும் குறைவாகவே அமுங்கும் என்பதால் இந்தத் தகடு முழுத் தீர்வாகாது. கம்பியின் நீளத்தைச் சரிசெய்யும் மரை இருந்தால், இரு பக்கமும் பிரஷர் கேஜ் மாட்டி, உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள முன்–பின் அழுத்த அட்டவணைப்படி வைப்பதே சரியான வழி.

வால்வை நீக்கிவிட்டு நேராகக் குழாய் போட்டுவிடும் வழக்கம் ஒன்று உண்டு. லோடோடு அது நன்றாகப் பிடிக்கும். காலி வண்டியில், மழைநாளில், வளைவில் பிரேக் தொட்டால் பின்பக்கம் வீசி அடிக்கும். அதை நாங்கள் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

கேள்வி: டாட் 3 தரப் பிரேக் ஆயில் ஊற்றிய வண்டியில் டாட் 4 ஊற்றலாமா? டாட் 5 இன்னும் நல்லது என்கிறார்களே?

டாட் 4 தாராளமாக ஊற்றலாம். டாட் 5 கூடாது. டாட் 3, 4, 5.1 மூன்றும் கிளைகால் வகை. டாட் 5 சிலிக்கான், மற்றவற்றோடு கலக்காது. 5.1ஐயும் 5ஐயும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

புது டாட் 3 குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். டாட் 4க்கு 230, டாட் 5.1க்கு 260. இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் அதே எண்கள் 140, 155, 180 ஆக விழுகின்றன. பழைய டாட் 4, புது டாட் 3ஐவிட மோசம் என்பதை இதிலிருந்தே பார்க்கலாம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழுவதும் மாற்றுங்கள். திறந்து பல மாதம் கிடந்த டப்பாவைப் பயன்படுத்தாதீர்கள். எஞ்சின் ஆயிலோ ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு துளி கலந்தாலும் ரப்பர் பாகங்கள் எல்லாம் ஊதிவிடும். பிறகு கழுவிப் பயனில்லை, ரப்பர் இருக்கும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: மாஸ்டர் சிலிண்டர் மாற்றியபின் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் (லைனில் உள்ள காற்றை வெளியேற்றினாலும்) பெடல் பஞ்சு போலவே இருக்கிறது.

வண்டியில் மாட்டுவதற்கு முன் புது மாஸ்டரை மேசை மேலேயே ஏர் எடுத்தீர்களா? பலர் விட்டுவிடும் படி இது. வைஸில் சமமட்டமாகப் பிடித்து, இரு வாயிலிலிருந்தும் சின்னக் குழாயை அதன் ஆயில் டப்பாவுக்குள்ளேயே முங்கவிட்டு, பிஸ்டனைக் கம்பியால் மெதுவாக, குமிழி நிற்கும் வரை தள்ள வேண்டும். இதைச் செய்யாவிட்டால் மாஸ்டருக்குள் சிக்கிய காற்று சக்கரம் வழியாக வெளியேற வெகுநேரம் பிடிக்கும், சில வண்டிகளில் வரவே வராது.

அடுத்து காலிப்பரைப் பாருங்கள், டிஸ்க்கைப் பேட்களால் அழுத்திப் பிடிக்கும் பாகம் அது. காற்றை வெளியேற்றத் திறக்கும் ஏர் நிப்பிள் மேல்புறம் இருக்கிறதா? இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டினால் பல மாடல்களில் பொருந்திவிடும், ஆனால் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலேயே தங்கும். நாள் முழுக்க மிதித்தாலும் போகாது.

மூன்றாவது, வண்டியை எப்படித் தூக்கியிருக்கிறீர்கள் என்பது. சேஸியில் ஸ்டாண்டு வைத்து ஆக்ஸிலைத் தொங்கவிட்டால், மேலே சொன்ன லோடு வால்வு பின் லைனை நெருக்கிவிடும், ஆயில் சரியாக வராது. ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து வண்டியின் எடை ஸ்பிரிங்கில் இருக்கும்படி ஏர் எடுங்கள்.

மாஸ்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்கி அருகில் உள்ளதில் முடியுங்கள். வால்வில் தனி நிப்பிள் இருந்தால் சக்கரங்களை முடித்தபின் அதையும் எடுங்கள். நிப்பிளில் மாட்டும் ஒளி ஊடுருவும் குழாய் முதலில் கொஞ்சம் மேலேறி, பிறகு பாதியளவு ஆயில் உள்ள பாட்டிலுக்குள் இறங்கட்டும். குமிழி தெளிவாகத் தெரியும், காற்று திரும்பிப் போகாது. பெடல் மேலே வருவதற்கு முன்பே நிப்பிளை மூடிவிட வேண்டும். ஆயில் டப்பா பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள்.

பழைய மாஸ்டரை மாற்றாமல் ஏர் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்து, தரை வரை போகாமல் தடுங்கள். தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் தொடாத ஆழத்தில் சிலிண்டர் சுவர் துருவேறி இருக்கும். ஒரே ஒரு முறை முழு ஆழம் மிதித்தாலும் ரப்பர் கப் அந்தத் துருவில் கிழியும். நேற்று வரை நன்றாக இருந்த மாஸ்டர் ஏர் எடுத்ததும் போய்விட்டது என்று பலர் சொல்வதன் காரணம் இதுவே.

கேள்வி: பெடல் கல் மாதிரி இருக்கிறது. முழு பலத்தோடு மிதித்தால்தான் வண்டி நிற்கிறது. டீசல் எஞ்சின்.

வேக்யூமின் உதவியால் மிதியின் பலத்தைக் கூட்டும் பூஸ்டருக்கு வேக்யூம் போதவில்லை, அல்லது பூஸ்டரே போய்விட்டது. எஞ்சினை நிறுத்தி ஐந்தாறு முறை மிதித்து உள்ளிருக்கும் வேக்யூமைத் தீர்த்துவிடுங்கள். பெடல் மேல் காலை வைத்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். கால் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி கேஜ் மாட்டுங்கள். பெட்ரோல் எஞ்சினில் கடல்மட்டத்தில் ஐடிலில் சுமார் 450 மி.மீ. பாதரசம் காட்ட வேண்டும். டீசலில் தனி வேக்யூம் பம்ப் உண்டு, சில மாடல்களில் ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கும். நல்ல பம்ப் 600ஐ எளிதில் தாண்டும். பம்ப் நன்றாக இருந்தும் வரவில்லை என்றால் ஹோஸ் உள்ளே ஒட்டியிருக்கலாம், அல்லது அதிலுள்ள ஒருவழி வால்வு அடைத்திருக்கலாம்.

கேஜ் சரியாகக் காட்டியும் பெடல் கடினமாகவே இருந்தால் பூஸ்டரின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. பெடலை மிதிக்கும்போது காலருகே ‘உஸ்’ என்று தொடர்ந்து சத்தம் வரும், பெட்ரோல் வண்டியில் ஐடிலும் ஆடும். ஆயில் டப்பாவில் அளவு குறைந்துகொண்டே வந்து வெளியே கசிவே தெரியாவிட்டால், மாஸ்டரின் இரு நட்டுகளைக் கழற்றிக் குழாயை வளைக்காமல் கொஞ்சம் முன்னே இழுத்துப் பாருங்கள். பின் சீல் வழியாக ஆயில் பூஸ்டருக்குள் தேங்கியிருக்கும், டயாஃப்ரமை அரித்தது அதுதான். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மாட்டும்போது பூஸ்டர் கம்பிக்கும் மாஸ்டர் பிஸ்டனுக்கும் இடையே சர்வீஸ் புத்தகம் சொல்லும் நூலிழை இடைவெளியை விட மறக்காதீர்கள். இடைவெளியே இல்லாவிட்டால் ஆயில் திரும்பும் துளை மூடிக்கொண்டு, சூடேற ஏற நான்கு சக்கரமும் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: பிரேக் பிடித்தால் வண்டி வலது பக்கம் இழுக்கிறது.

பிரேக் பிடிக்காமல் இருப்பது இடது பக்கம். பேட்களைக் கழற்றிப் பாருங்கள். ஒரு பிஸ்டன் மிதக்கும் காலிப்பரில் உள்பேட் மட்டும் தேய்ந்திருந்தால் காலிப்பர் வழுக்கி நகர உதவும் பின்கள் (சிறு உலோகத் தண்டுகள்) இறுகியிருக்கின்றன. பின்னைச் சுத்தம் செய்து சிலிக்கான் பிரேக் கிரீஸ் மட்டும் பூசுங்கள், சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். இரு புறமும் பிஸ்டன் உள்ள நிலையான காலிப்பரில் ஏதாவது ஒரு பிஸ்டன் துருவில் சிக்கியிருக்கும்.

பிரேக் விட்டபிறகும் ஒரு சக்கரம் சுழல மறுத்தால் சந்தேகம் ரப்பர் ஹோஸ் மேல்தான் விழ வேண்டும். பழைய ஹோஸ் வெளியே நன்றாகவே தெரியும். உள்சுவர் உரிந்து ஒருவழி வால்வு போல ஆயிலைப் போகவிட்டுத் திரும்பவிடாது. சோதனை எளிது: ஹோஸின் மேல் முனையில் உள்ள உலோகக் குழாய் இணைப்பைச் சிறிது தளர்த்துங்கள். சக்கரம் விடுபடவில்லை, ஆனால் காலிப்பர் நிப்பிளைத் திறந்ததும் விடுபடுகிறது என்றால் அடைப்பு ஹோஸில்தான். ஹோஸை ஜோடியாக மாற்றி, மறுபடி ஏர் எடுங்கள்.

பின் டிரம்மில் ஒரு பக்க ஷூ ஆயிலில் ஊறியிருந்தாலும் இழுக்கும். ஆக்ஸில் ஆயில் சீலை மட்டும் மாற்றி நிறுத்தாதீர்கள். ஆக்ஸிலின் மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் கூடிப் புது சீலையும் தள்ளிவிடும். ஊறிய ஷூவைப் பெட்ரோலில் கழுவி மாட்டக் கூடாது. லைனிங் நுண்துளை உள்ள பொருள், சூடேறியதும் ஆயில் மறுபடி மேலே வரும்.

கேள்வி: துருப்பிடித்த பிரேக் குழாயில் ஓட்டை விழுந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டலாமா?

முழு நீளத்தையும் மாற்றுங்கள். ஒரு இடம் ஓட்டையானால் அடுத்த இடம் காத்திருக்கிறது என்று பொருள். 4.75 மி.மீ. தாமிர–நிக்கல் கலவைக் குழாய் கையால் வளையும், துருப்பிடிக்காது. சுத்தத் தாமிரம் அதிர்வில் இறுகி வெடிக்கும், வேண்டாம். முனையை வண்டியில் உள்ள அதே வடிவத்தில் இரட்டை மடிப்பாக விரிக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் அழுத்து இணைப்புகளுக்கு இங்கே இடமே இல்லை.

கேள்வி: பெரிய துளை மாஸ்டர் சிலிண்டர் போட்டால் பிரேக் பலமாகுமா?

பலம் குறையும். 22.2 மி.மீ. துளையை 25.4 ஆக்கினால் பிஸ்டன் பரப்பு சுமார் 30 சதவீதம் கூடுகிறது. அதே மிதிக்குக் கிடைக்கும் அழுத்தம் 23 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. பெடல் உயரமாக, உறுதியாக இருப்பதால் பலமான பிரேக் என்று கால் ஏமாறும். பெரிய பிஸ்டன் உள்ள காலிப்பருக்கு மாறி, ஆயில் அளவு போதாமல் பெடல் இறங்கினால்தான் பெரிய மாஸ்டருக்கு வேலை.

கேள்வி: 29 அங்குல டயரை 33 அங்குலமாக மாற்றினேன். பிரேக் குறைந்தது போலத் தெரிகிறது. பிரமையா?

பிரமை இல்லை. தரையில் அதே நிறுத்தும் விசை வேண்டுமானால் பிரேக் சுமார் 14 சதவீதம் அதிக முறுக்குவிசை கொடுக்க வேண்டும். அதோடு டயர், ரிம்மின் கூடுதல் எடையையும் அது சுழன்றுகொண்டிருக்கும்போதே நிறுத்த வேண்டும். உங்கள் மாடலின் அதிக லோடு வகைக்கோ பிந்தைய ஆண்டு வகைக்கோ பெரிய டிஸ்க், பெரிய காலிப்பர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தைத் தாங்கும் அதே நக்கிளில் பொருந்தினால் அதைவிட நல்ல மாற்றம் கிடையாது, பாகமும் எளிதில் கிடைக்கும். ரிம்முக்குள் காலிப்பர் இடிக்காமல் சுழல்கிறதா என்று கையால் சுழற்றிப் பார்த்தபின் ஓட்டுங்கள்.

கேள்வி: துளை போட்ட டிஸ்க், பந்தயப் பேட் போட்டால் எவ்வளவு முன்னேற்றம்?

லோடு வண்டிக்கு இரண்டும் வேண்டாம். துளை டிஸ்க்கில் வெப்பம் ஏறி இறங்க, துளை ஓரத்திலிருந்து விரிசல் தொடங்கும். பந்தயப் பேட் குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காது, காலையில் முதல் மிதியிலேயே வண்டி நிற்க வேண்டுமே! நல்ல தரமான சாதாரண டிஸ்க், லோடு வண்டிக்கான பேட் போதும்.

பேட் முதுகிலோ ஓரத்திலோ அச்சான நீள எண்ணின் கடைசியில் இரண்டு எழுத்து இருந்தால் பாருங்கள். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வுக் குணகம், இரண்டாவது அதிக வெப்பத்தில். ‘ஈ’ என்றால் 0.25 முதல் 0.35, ‘எஃப்’ 0.35 முதல் 0.45, ‘ஜி’ 0.45 முதல் 0.55. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் கீழே போகும் பேட், சூடேறியதும் கைவிடும். ‘எஃப்எஃப்’ லோடு வண்டிக்கு நல்ல தேர்வு. தேய்மானத்தையோ தரத்தையோ இந்த எழுத்து சொல்லாது.

புது பேட்டைப் பதப்படுத்தாமல் விடாதீர்கள். காலியான சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10க்கு, பூட்டாமல் மிதமாக, எட்டுப் பத்து முறை குறையுங்கள். இடையில் அரை நிமிடம் ஓடவிட்டுக் குளிரட்டும். முடிந்ததும் பெடலை மிதித்தபடி நிற்காமல் பத்து நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள். சூடான டிஸ்க்கில் பேட்டை அழுத்தி நின்றால் அந்த இடத்தில் பேட்டின் பொருள் ஒட்டிக்கொண்டு, பிறகு ஒவ்வொரு மிதியிலும் ஸ்டீயரிங் நடுங்கும். டிஸ்க் கோணிவிட்டது என்று கழற்றப்படுபவற்றில் பல இப்படித்தான் கெட்டவை. வீல் நட்டைக் குறுக்கு மறுக்காக, டார்க் ரெஞ்சால், சம அளவில் இறுக்குவதும் இதே நடுக்கத்தைத் தடுக்கும்.

கேள்வி: நான்கு பக்கமும் டிரம் உள்ள மிகப் பழைய பிக்கப். முன்னால் டிஸ்க் வைக்க ஆசை. எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

செய்யத் தகுந்த மாற்றம்தான். டிஸ்க்கை மட்டும் வாங்கி மாட்டினால் முடியாது. டிஸ்க்குக்கு அதிக அழுத்தம் வேண்டும், ஷூ போல் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும் குணம் அதற்கு இல்லை. அதனால் பூஸ்டர் தேவைப்படும். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வந்து ஆயிலைப் பிடித்துக்கொள்ளும், எனவே முன்பக்கத்துக்குப் பெரிய ஆயில் டப்பா உள்ள மாஸ்டர் வேண்டும். டிரம்முக்கான பழைய மாஸ்டரில் சுமார் 10 பி.எஸ்.ஐ. மிச்ச அழுத்தம் பிடித்துவைக்கும் வால்வு இருக்கலாம். அதை முன் லைனில் விட்டுவைத்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே சூடேறும். பின் டிரம்முக்கு அழுத்தம் குறைக்கும் வால்வும் தேவை.

உங்கள் வண்டியில் ஒற்றை அறை மாஸ்டர் இருந்தால், டிஸ்க்கைப் பற்றி யோசிப்பதற்கு முன் இரட்டை அறை மாஸ்டராக மாற்றுங்கள். ஒற்றை அறையில் எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் ஒரே நொடியில் போய்விடும். பதிவு, தகுதிச் சான்று விதிகளையும் மாற்றத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பின் டிரம்மை டிஸ்க்காக்குவது பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். காலி பிக்கப்பில் பின் பிரேக்கின் பங்கு குறைவு. சரியாக அட்ஜஸ்ட் செய்த டிரம் அதற்குப் போதும், ஹேண்ட் பிரேக்கும் டிரம்மில்தான் பலமாக நிற்கும்.

கேள்வி: மலை இறக்கத்தில் லோடோடு வரும்போது பிரேக் குறைந்துவிடுகிறது. பெரிய டிஸ்க் தீர்வா?

3 டன் வண்டி 80 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு முறை நிற்கும்போது பிரேக் வாங்கும் ஆற்றல் சுமார் 740 கிலோஜூல். அதே வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கும்போது விடும் ஆற்றல் அதைப் போல 20 மடங்கு. எந்த டிஸ்க்காலும் இதைத் தனியாக வாங்கிக் கொட்ட முடியாது. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, எஞ்சினைப் பிடிக்கவிடுங்கள். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வருவதைவிட, கொஞ்சம் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து முழுதாக விடுவது நல்லது, அந்த இடைவெளியில் குளிரும்.

பெடல் கல் போல இருந்தும் பிடிக்காவிட்டால் லைனிங் சூடாகிக் கைவிட்டது. பெடல் தரைக்குப் போனால் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. முதலாவதற்குப் பேட்டையும் ஷூவையும் பாருங்கள். இரண்டாவதற்கு ஆயிலை மாற்றுங்கள். எதுவானாலும் உடனே ஒதுங்கி ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது, டிரம்மும் டிஸ்க்கும் விரிசல் விடும்.

கேள்வி: எல்லா வேலையும் முடிந்தது. சரியாகிவிட்டதா என்று எப்படிச் சோதிப்பது?

முதலில் வண்டி நின்ற இடத்திலேயே. எஞ்சின் ஓட, பெடலைப் பலமாக மிதித்து ஒரு நிமிடம் வைத்திருங்கள், இறங்கக் கூடாது. இன்னொருவர் டார்ச்சோடு ஒவ்வொரு இணைப்பையும் பார்க்கட்டும். பிறகு ஆளில்லாத சமதளத்தில் 20 கி.மீ. வேகத்தில் நிறுத்திப் பாருங்கள், அடுத்து 40, பிறகு 60.

காய்ந்த நல்ல தார்ச் சாலையில், நல்ல டயரோடு, ஈர்ப்பு விசையில் 0.7 பங்கு குறைப்பு கிடைத்தால் 60 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கச் சுமார் 20 மீட்டர் ஆகும். 80 என்றால் 36 மீட்டர். இது மிதித்த பிறகான தூரம். கால் பெடலுக்குப் போக ஒரு நொடி என்றால் 60ல் இன்னும் 17 மீட்டரும் 80ல் 22 மீட்டரும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேய்ந்த டயரில் இந்த எண்கள் வராது, அதற்குப் பிரேக்கைக் குறை சொல்லக் கூடாது.

ஒரு பத்து நிமிடம் பிரேக் பிடித்து ஓட்டியபின் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் நான்கு சக்கரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் பின்னைவிடச் சூடாக இருப்பது இயல்பு. ஒரே ஆக்ஸிலின் இடது வலதுக்குள் பெரிய வித்தியாசம் இருந்தால், குளிர்ந்த பக்கம் வேலை செய்யவில்லை அல்லது சூடான பக்கம் விடவில்லை. அந்த ஆக்ஸிலைத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். லோடு ஏற்றி ஒரு முறையும் இதே அளவை எடுங்கள். லோடில் பின் டிரம்மின் சூடு தெளிவாகக் கூட வேண்டும். கூடவில்லை என்றால் லோடு வால்வை மறுபடி பாருங்கள். முதல் 500 கிலோமீட்டருக்குப் பிறகு பின் ஷூவின் இடைவெளியையும் ஆயில் அளவையும் வீல் நட்டுகளையும் ஒரு முறை சரிபாருங்கள்.